அம்மாவின் தோல் பைக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பீரோவை ஒழிக்கும் மாதம் போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய தோல் பைகளைப் பற்றியவை. எல்லாவற்றுக்கும் தனித்தனியாக எழுத இடமில்லாததால் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவர்களின் சந்தேகமும் பெரும்பாலும் இவற்றுக்குள்ளேயே அடங்கிவிடும்.

அக்கா, என் அம்மா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1979-ல் கல்கத்தா போய்வந்த அவருடைய தோழி வாங்கிக்கொடுத்த சாந்திநிகேதன் தோல் பை ஒன்று வீட்டில் இருக்கிறது. மூடியில் பூவும் கொடியுமாக அழுத்திய வேலைப்பாடு. முப்பது வருடம் பீரோவிலேயே கிடந்து விறைத்துப்போய்விட்டது, வாரை மடக்கவே முடியவில்லை. அம்மா இப்போது இல்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் இளகிவிடும் என்கிறார்கள். தடவலாமா? – வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம்மா, தயவுசெய்து தடவாதீர்கள். நான் பார்த்தவரைக்கும் பழைய தோல் பைகளைக் கெடுத்ததில் எலிக்கும் மழைக்கும் அடுத்த இடம் நம் சமையலறை எண்ணெய்க்குத்தான். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் என்பது மார்கழிக் காலையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். தோலுக்குள் போனாலும் அது அதையேதான் செய்யும், குளிரில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வெளியே வரும், வெயில் காலத்தில் இளகி வேறு இடத்துக்கு நகரும். நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெயெல்லாம் காற்றுப்பட்டு நாளாவட்டத்தில் சிக்குப் பிடித்து, தூசியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். என் மாமியார் கொடுத்த பழுப்புப் பைக்கு நானே ஒரு முறை தேங்காய் எண்ணெய் தடவினேன். அன்றைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. ஆறு மாதம் கழித்து எடுத்தபோது மூடி முழுக்கத் திட்டுத்திட்டாகக் கறுத்திருந்தது, பக்கத்தில் இருந்த பட்டுப்புடவை மடிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. பையும் மீளவில்லை, புடவையும் மீளவில்லை.

உங்கள் பை எதனால் ஆனது என்று தெரிந்தால் என்ன செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கும். சாந்திநிகேதனில் இந்தத் தோல் வேலையை 1920களில் தொடங்கி வளர்த்தவர்கள் தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும். இதற்கு எடுத்துக்கொள்வது ஆட்டுத்தோல். குரோமியம் உப்பில் பதனிட்டதில்லை, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று வணிகத்தில் பெயர். அந்தப் பெயரை உலகச் சந்தையில் நிலைக்க வைத்ததே நம் ஊர்ப் பதனிடும் தொழில்தான். ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டு, கடைசியில் கடுக்காய்ச் சாறு கொடுத்து எடுப்பார்கள். அப்படிப்பட்ட தோலை நனைத்து, கோடு கீறி, அழுத்தி, மேலே தூரிகையால் சாயம் தீட்டியதுதான் உங்கள் அம்மாவின் பை. அந்தச் சாயத்துக்குத் தண்ணீரே ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பையைக் காலி செய்து, உள்துணியை வெளியே இழுத்து உதறுங்கள். ஓவியம் வரைகிற மெல்லிய பிரஷால் அந்தப் பூ, கொடிக் கோடுகளுக்குள் படிந்திருக்கும் தூசியைத் தட்டி எடுங்கள். ஈரம் படுவதற்கு முன்பே தூசி போய்விட வேண்டும், இல்லாவிட்டால் சேறாகி அந்தக் கோட்டிலேயே உட்கார்ந்துவிடும். அப்புறம் காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் தொட்டு, நன்றாகப் பிழிந்துவிட்டு, மூடிக்கு அடியில் யாருக்கும் தெரியாத மூலையில் மெதுவாக ஒற்றிப் பாருங்கள். பஞ்சில் சிவப்போ பச்சையோ ஒட்டினால் தண்ணீர் சமாசாரத்தை அத்தோடு விட்டுவிட்டு, உலர்ந்த பனியன் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். சோப்பு எந்த நிலையிலும் வேண்டாம். தோல் இயல்பில் லேசான புளிப்புத் தன்மை உடையது, சோப்பு காரம். காரம் பட்டால் பதனிட்ட சத்து கரைந்து தோல் கறுக்கும், வறளும்.

இளக வைக்க, நிறமில்லாத லெதர் கண்டிஷனர் க்ரீம் வாங்குங்கள். ஷூ பாலிஷ் வேறு, இது வேறு. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னாலும் கேட்காதீர்கள். அதையும் அதே மூலையில் தடவிப் பார்த்து, ஒரு நாள் விட்டு, நிறம் மாறவில்லை என்றால் மட்டும் தொடருங்கள். ஒரு பட்டாணி அளவு க்ரீமைத் துணியில் எடுத்து, துணியையே கசக்கிப் பரப்பிவிட்டு, அந்தத் துணியால் பையைத் தடவ வேண்டும்; க்ரீமை நேராகப் பை மேல் வைத்தால் வைத்த இடம் வட்டமாகக் கறுத்துவிடும். வாருக்கு அதன் அடிப்பக்கத்தில், அதாவது சொரசொரப்பான பக்கத்தில், தடவினால் நன்றாக இழுக்கும். ஒரு நாள் காயவிட்டு உலர்ந்த துணியால் தேயுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. இடையில் இளகிவிட்டதா என்று வாரை மடக்கிப் பார்க்கவே கூடாது, மடக்கிய இடத்தில் வெடிக்கும். விளிம்பைச் சுற்றிக் கோத்திருக்கிற மெல்லிய தோல் கயிற்றைக் கவனியுங்கள், இந்தப் பைகளில் முதலில் அறுவது அதுதான். பிடியில் அம்மாவின் கை பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும். அது போகாது, போக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. அறுந்த கொக்கிக்குப் பதிலாக ஊக்குக் குத்தி வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சுவார்கள் இல்லையா, அதே கதைதான்: இரும்புத் துருவும் பட்டைச் சாறும் ஈரத்தில் சேர்ந்தால் தோலில் நீலக்கறுப்பாக மை ஊறிவிடும். அதை வீட்டில் எடுப்பது பெரும்பாடு.

மேடம், மழைக்காலம் முடிந்து பீரோவைத் திறந்தால் என் கறுப்புத் தோல் ஹேண்ட்பேக் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. துடைத்தால் போகிறது, பத்து நாளில் திரும்ப வருகிறது. பூஞ்சையா? – வாசகி, வேளச்சேரி, சென்னை

இரண்டு சாத்தியம் உண்டு. புள்ளிப் புள்ளியாக, பஞ்சு மாதிரி, மண் வாடையோடு இருந்தால் பூஞ்சை. பையின் மேல் ஒரே சீராகப் புகை படிந்த மாதிரி, வாடையில்லாமல் இருந்தால் தோலுக்குள் இருக்கும் கொழுப்பு வெளியே பூத்திருக்கிறது. ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளி வைத்து, குறைந்த சூட்டில் சில விநாடி காட்டுங்கள்: கொழுப்பென்றால் உருகி மறைந்துவிடும், பூஞ்சை அப்படியே இருக்கும். கொழுப்பாக இருந்தால் பயமில்லை, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு வருடத்துக்குக் கண்டிஷனர் பக்கமே போகாதீர்கள். ஏற்கெனவே அதிகமாகிவிட்டது என்றுதான் பை சொல்கிறது.

பூஞ்சையாக இருந்தால் மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ எடுத்துப்போய், மூக்கை மூடிக்கொண்டு, பிரஷால் தட்டுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அதன் விதைத்தூள் அடுத்த பைக்குப் போகும். அப்புறம் சர்ஜிகல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியை அதில் நனைத்து ஒட்டப் பிழிந்து, மறைவான இடத்தில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் துடையுங்கள். உள்துணியை மறக்க வேண்டாம், திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். மின்விசிறிக்குக் கீழே, நிழலில், பையின் வாயைத் திறந்து வைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். நேர் வெயிலில் போட்டால் நிறம் வெளுக்கும், தோலும் காய்ந்து சுருங்கும்.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், நம் கடலோர ஊர்களில் மழைக்காலம் முழுக்க அதற்கு மேல்தான். அதனால் பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மூடாமல் பழைய காட்டன் தலையணை உறையில் போட்டு வையுங்கள், உள்ளே வெள்ளைத் தாளைக் கசக்கி அடையுங்கள் (செய்தித்தாள் என்றால் மை ஒட்டும்), மாதம் ஒரு நாள் வெளியே எடுத்துக் காற்றாட வையுங்கள். பாச்சை உருண்டை பூஞ்சையைத் தடுக்காது, அதன் வாடைதான் தோலில் ஏறிக்கொள்ளும்.

நான் வாங்கிய பை ஆறு மாதத்தில் மேலாக உரிந்து உதிர்கிறது. எந்தக் கண்டிஷனர் போடலாம்? – வாசகி, ஓசூர்

எதுவும் போட்டுப் பயனில்லை. தோல் இப்படித் தாள் தாளாக உரியாது. துணியின் மேல் பாலியூரிதேன் பூசியதாகவோ, தோல் தூளைப் பசையில் ஒட்டி மேலே பூச்சுக் கொடுத்ததாகவோதான் இருக்கும். காற்றில் இருக்கும் ஈரமே அந்தப் பூச்சை உடைத்துவிடும், உபயோகிக்காமல் வைத்திருந்தாலும் உரியும். பில் இருந்தால் கடைக்கு எடுத்துப் போங்கள்.

என் மகள் நியூ ஜெர்சியில் ஒரு பழைய பொருள் கடையில் 1980களின் கோச் பை ஒன்றை வாங்கியிருக்கிறாள். அழுக்கு, சிகரெட் வாடை, ஆணிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. பையை அப்படியே வாளித் தண்ணீரில் முக்கிக் கழுவுகிறார்களாம், செய்யட்டுமா என்று கேட்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. – வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் பயம் நியாயம்தான், ஆனால் அவள் சொல்வதும் கற்பனை இல்லை. அந்தப் பைகளை அங்கே நிறைய பேர் முக்கித்தான் கழுவுகிறார்கள். காரணம் இருக்கிறது. கோச் 1941-ல் நியூயார்க் மன்ஹாட்டனில் ஒரு சின்னப் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம். பேஸ்பால் கையுறை பழகப் பழக மெத்தென்று ஆவதைப் பார்த்துத்தான் அதேபோல மாட்டுத்தோலை எடுத்துப் பை செய்தார்கள். 1960களில் அங்கே வடிவமைத்த பானி கேஷின், தன் திறந்த காரின் கூரையைப் பூட்டுகிற திருகைப் பார்த்து, பைக்கும் அதே மாதிரி பித்தளைத் திருகுப் பூட்டு வைத்தார். அந்தக் காலப் பைகள் பலவற்றில் உள்துணியே கிடையாது. கனமான ஒற்றைத் தோல், பித்தளை, தையல், அவ்வளவுதான். அதனால் தண்ணீரைத் தாங்கிவிடுகின்றன.

ஆனாலும் நான் முக்கச் சொல்ல மாட்டேன். சிவப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் சாயம் இறங்கும், காயும்போது பை கோணலாகச் சுருங்கினால் திருத்த வழியில்லை, அவசரப்பட்டு ஹீட்டர் பக்கத்தில் வைத்துவிட்டால் அந்த இடம் அட்டை மாதிரி ஆகிவிடும், ஈரத்தில் சூடு பட்டால் தோல் நிரந்தரமாகச் சுருங்கிவிடும் என்பது பதனிடுபவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். அதைவிட, தோலுக்கென்றே விற்கிற காரமில்லாத கிளீனரைத் துணியில் தொட்டு, அழுக்கான இடத்தை மட்டும் துடைக்காமல் தையலிலிருந்து தையல் வரைக்கும் முழுப் பக்கத்தையும் ஒரே சீராகத் துடைக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் ஈரம் பட்டால் காய்ந்ததும் அலை வந்து போன மாதிரி கோடு விழும். துணியில் பழுப்பாக இறங்கும், நான்கைந்து துணி மாற்ற வேண்டியிருக்கும், சிகரெட் அழுக்கு அதுதான். வாடை மிச்சமிருந்தால் ஒரு பெட்டிக்குள் பையைத் திறந்து வைத்து, பக்கத்தில் கிண்ணத்தில் சமையல் சோடாவை வைத்து மூடி, இரண்டு வாரம் விட்டுவிடட்டும். சோடா பைக்குள் கொட்டக் கூடாது, அதுவும் காரம்தான்.

பச்சைக் களிம்பு எப்படி வருகிறது தெரியுமா? தோலில் இருக்கும் கொழுப்பு பித்தளையில் உள்ள செம்போடு சேர்ந்து மெழுகு மாதிரி ஒரு பொருளாக மாறுகிறது. முன்பு வைத்திருந்தவர் ஆணியைச் சுற்றி எண்ணெயோ க்ரீமோ தாராளமாகத் தடவியிருப்பார், அதான் வந்திருக்கிறது. பல்குத்தும் மரக் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். குத்துவிளக்குக்குத் தேய்ப்பதுபோலப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. புளித்தண்ணீர் தோலில் இறங்கினால் கறை நிற்கும், வேண்டாம். பித்தளை பாலிஷ்தான் போட வேண்டுமென்றால் சுற்றிலும் தாளைச் செருகி, பஞ்சுக் குச்சி முனையில் தொட்டுத் தேய்க்கட்டும், தோலில் பட்டால் தையல் ஓட்டைகளில் வெள்ளையாக நின்றுவிடும். கடைசியாக மெல்லிசாக ஒரு கை கண்டிஷனர், அதுவும் ஆணிகளை விட்டு ஒரு விரல் தள்ளி.

என் தாத்தா 1930களில் டாக்டர். அவருடைய தோல் பையைத் தொட்டாலே கையில் செங்கல் தூள் மாதிரி சிவப்பாக ஒட்டுகிறது. சோபா, கம்பளம் எல்லாம் சிவப்பு. சுத்தம் செய்துவிட்டு அதை ஹேண்ட்பேக்காக உபயோகிக்க ஆசை. – வாசகி, யாழ்ப்பாணம்

ஆசை புரிகிறது. ஆனால் அந்தத் தூள் அழுக்கு இல்லை, தோலேதான் தூளாகிக்கொண்டிருக்கிறது. மரப்பட்டையில் பதனிட்ட தோல் காற்றில் உள்ள கந்தகப் புகையை உறிஞ்சி, அது உள்ளே அமிலமாகி, நாரையெல்லாம் அறுத்துவிடும். நூலகங்களில் பழைய தோல் அட்டைப் புத்தகங்களுக்கு வருவதும் இதுவே. லண்டனில் 1900களின் தொடக்கத்தில் புத்தக அட்டைகள் ஏன் இப்படிப் பொடிகின்றன என்று ஒரு நிபுணர் குழுவே ஆராய்ந்தது, அறைகளில் எரிந்த கேஸ் விளக்குப் புகையும் ஒரு காரணம் என்றது. பட்டைகளிலும் சில வகைக்கு இது சீக்கிரம் வரும், அதனால்தான் தஞ்சாவூர் வாசகியும் மடிப்புகளில் சிவப்பாக ஏதாவது உதிர்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிலைக்கு வந்த தோலை இளக வைக்க எதனாலும் முடியாது. ஈரத் துணி பட்டால் அந்த இடம் கறுத்துக் கல்லாகிவிடும், எண்ணெய் தடவினால் தூள் சகதியாகும். சுவடிகளையும் பழம்பொருட்களையும் பாதுகாப்பவர்கள் ஹைட்ராக்சிபுரோபைல் செல்லுலோஸ் என்ற பொருளை ஆல்கஹாலில் கரைத்து, மெல்லியதாகப் பூசி, தூள் உதிராமல் கட்டி வைப்பார்கள். அது உதிர்வதை நிறுத்தும், போன பலத்தைத் திருப்பித் தராது. தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறும் பலம் அந்தப் பைக்கு இனி இல்லை. உங்கள் ஊர்ப் பக்கம் அருங்காட்சியகத்திலோ பெரிய நூலகத்திலோ அந்த வேலை தெரிந்தவர் இருக்கிறாரா என்று விசாரித்து, அவர் கையால் செய்யச் சொல்லுங்கள். அதுவரை பிடியைப் பிடித்துத் தூக்காமல் அடியில் இரண்டு கையும் கொடுத்து எடுத்து, துவைத்த பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வையுங்கள். தாத்தாவின் ஸ்டெதஸ்கோப் அந்தப் பைக்குள்தான் இருக்கிறதென்றால் அதை வெளியே எடுத்துத் தனிப் பெட்டியில் வையுங்கள், பழைய ரப்பர் குழாயிலிருந்தும் கந்தகம் வரும்.