முழங்கால் ஜவ்வும் எட்டரை வருடமும்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் உயிரியல் படிக்கிறாள், ஹாக்கி ஆடுபவள். முழங்கால் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகி நாலு மாதம். 'விளையாட்டு டாக்டர் ஆவேன்' என்கிறாள். அதற்கு பிசியோதெரபி படித்தால் போதும் என்கிறார்கள். சரியா டாக்டர்? – வாசகி, கோவில்பட்டி

பதில்: போதாதும்மா. பிசியோ இல்லாமல் எனக்கு ஒரு நாளும் ஓடாது. ஆனால் அது வேறு படிப்பு, வேறு பொறுப்பு. டாக்டராக வேண்டுமென்றால் நீட் எழுதி எம்.பி.பி.எஸ்.தான்: நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். பிறகு நீட் பி.ஜி. எழுதி மூன்று வருடம் எம்.டி. ஸ்போர்ட்ஸ் மெடிசின். நாடு முழுவதுமே இதற்கு இடங்கள் குறைவு. கிடைக்காவிட்டாலோ, அறுவை சிகிச்சையில் ஆசை இருந்தாலோ, எம்.எஸ். ஆர்த்தோ (எலும்பு, மூட்டு அறுவை சிகிச்சை) முடித்து, சிறு துளை வழியே கேமரா விட்டு மூட்டைச் சரிசெய்யும் ஆர்த்ராஸ்கோபியில் தனிப்பயிற்சி எடுக்கலாம். எப்படியும் பிளஸ் டூவுக்குப் பின் குறைந்தது எட்டரை வருடம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வர ஆறாம் வகுப்பிலிருந்தே அங்கே படித்திருக்க வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கும் சில எம்.பி.பி.எஸ். இடங்கள் உண்டு. ஹாக்கி சான்றிதழ் ஒன்றையும் தொலைத்துவிடாதீர்கள்.

நான் பாட்டியாலாவில், பழைய மோதி பாக் அரண்மனை வளாகத்திலிருக்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பட்டயம் படித்தேன். ஆனால் என்னைத் திடுக்கிட வைத்த பாடம் ஒரு இருமல் மருந்து. போட்டிக்கு முந்தைய இரவு ஓட்டக்காரப் பெண் ஒருத்தி பாட்டிலை நீட்டி, "குடிக்கலாமா டாக்டர்?" என்றாள். லேபிளில் டெர்பியூட்டலின். நம்மூர் சளி மருந்துகளில் சாதாரணமாக இருப்பது. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இருப்பது. ஒரு மூடி குடித்திருந்தாலும் மறுநாள் சோதனையில் அவள் வருடக்கணக்கான உழைப்பு போயிருக்கும். எம்.பி.பி.எஸ்.ஸில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஜனவரி 1 தோறும் புதுப் பட்டியல் அமலுக்கு வரும். அதை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்த பிறகுதான் எனக்குப் புது வருடம்.

மகளின் காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோச் கூப்பிட்டாலும் ஒன்பது மாதத்துக்கு முன்னால் மேட்ச் வேண்டாம். அதன்பிறகும் இரண்டு தொடைகளும் ஏறக்குறைய ஒரே வலுவில் இருக்கின்றனவா என்று பிசியோவிடம் சோதித்த பிறகே இறங்கட்டும். அதுவரை ஒரு நோட்டில் தினமும் எழுதச் சொல்லுங்கள்: முட்டி எவ்வளவு மடங்கியது, எங்கே வலித்தது, எப்போது பயந்தாள். அவள் பார்க்கும் முதல் கேஸ் அவளுடைய முட்டிதான். அந்த நோட்டைப் படிக்க எனக்கும் ஆசை, அனுப்பச் சொல்லுங்கள்.