வாசகர் கேள்வி பதில்: இறக்குமதி நாடகங்களும் நம்ம டிவியும்

கேள்வி: டிவியைப் போட்டால் ஒரு பக்கம் கொரியா, இன்னொரு பக்கம் இந்தோனேசியா, அதைத் தாண்டினால் பழைய ஹாலிவுட் படம். மலேசிய வணிக நிலையங்கள் ஏன் வெளிநாட்டு நிகழ்ச்சிகளையே போட்டுத் தள்ளுகின்றன? நம் கதை நமக்கே பிடிக்காமல் போய்விட்டதா? (வாசகி, செந்தூல்)

பிடிக்காமல் எல்லாம் போகவில்லை அம்மா. காசுக் கணக்குதான் காரணம்.

ஒரு கொரிய நாடகம் கொரியாவிலேயே ஓடி, போட்ட பணத்தில் பெரும்பகுதியை எடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு வெளிநாட்டில் என்ன விலைக்கு விற்றாலும் லாபம்தான். அதனால் விற்பவர் எடுத்த செலவைப் பார்த்து விலை சொல்வதில்லை, வாங்கும் நாட்டின் விளம்பரச் சந்தை எவ்வளவு பெரிது என்று பார்த்துச் சொல்கிறார். நம்முடையது சின்னச் சந்தை, விலையும் சின்னது. அதே ஒரு மணி நேரத்தை இங்கேயே எடுத்து நிரப்ப வேண்டுமானால் பல மடங்கு ஆகும், ஆனால் இடையில் ஓடும் சோப்பு விளம்பரத்துக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே கட்டணம்தான். நீங்கள் நிலையத்தின் கணக்காளராக இருந்தால் எதை வாங்குவீர்கள்? போதாததற்கு, பெயர் பெற்ற ஒரு தொடர் வேண்டுமானால் பெயரே தெரியாத நாலைந்தையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று கட்டாகக் கட்டி விற்பதும் இந்தத் தொழிலில் வழக்கம். நடுராத்திரியில் ஒரு படம் ஓடுகிறதே, இதை யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று தோன்றினால், அது கட்டோடு வந்த சரக்காக இருக்கலாம்.

இது இன்று நேற்று வந்ததுமில்லை. 1963 டிசம்பரில் அரசாங்க டிவி தொடங்கியது, முதல் தனியார் நிலையமான டிவி3 1984 ஜூன் 1இல் வந்தது. இரண்டுமே அமெரிக்கத் தொடர்களைப் போட்டு வளர்ந்தவைதான். நார்டென்ஸ்ட்ரெங், வாரிஸ் என்ற இரண்டு ஃபின்லாந்து ஆய்வாளர்கள் யுனெஸ்கோவுக்காகப் பல நாட்டு டிவிகளை ஆராய்ந்து, நிகழ்ச்சிகளின் போக்குவரத்து ஒருவழிப் பாதையாகத்தான் இருக்கிறது என்று 1974இலேயே எழுதினார்கள். அப்போது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது, இப்போது சோல், ஜகார்த்தா, சென்னை என்று கூடுதலாக நாலு கடை திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: தமிழ்நாட்டுச் சீரியலையும் வெளிநாட்டு நிகழ்ச்சி என்று சொல்வது நியாயமா? நம் மொழிதானே? (வாசகர், பாயான் லெப்பாஸ்)

மொழி நம்முடையது, ஊர் நம்முடையதல்ல. சன் டிவி 1993இல் சென்னையில் தொடங்கியது. 1996இல் அஸ்ட்ரோ என்ற கட்டணச் செயற்கைக்கோள் டிவி வந்ததும், வானவில் என்ற உள்ளூர் அலைவரிசை ஒரு பக்கம் இருக்க, போகப் போகச் சென்னை அலைவரிசைகள் முழுசாகவே நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. கொரிய நாடகத்துக்காவது கீழே எழுத்து ஓடும், அந்நியம் என்று தெரியும். இது தெரியாமலே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கலெக்டர் ஆபீஸ், எஃப்ஐஆர், முன்ஜாமீன் எல்லாம் அத்துப்படி. ஆனால் அவன் ஊரில் கலெக்டரே கிடையாது, மாவட்ட அலுவலகம்தான் உண்டு, பிறப்புப் பத்திரத்தில் கோளாறு என்றால் போக வேண்டியது ஜேபிஎன் என்ற தேசியப் பதிவுத் துறை என்பதை எந்தச் சீரியலும் அவனுக்குச் சொல்லாது. குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளும் கிழவி நம்மில் எத்தனை குடும்பத்தில் இருக்கிறார்! அவரைக் கதாநாயகியாக வைத்து நூறு எபிசோடு எடுக்கலாம். சென்னைக்காரர் எடுக்க மாட்டார், அவர் எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அதற்காக மாமியார் பார்க்கும் சீரியலை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு உயிராபத்து.

கேள்வி: உள்ளூர் தமிழ் நாடகம் பார்த்தால் தூக்கம் வருகிறது. தரமில்லாததை எப்படி ஐயா ஆதரிப்பது? (வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

சில நாடகங்களுக்கு எனக்கும் வருகிறது. ஆனால் அது எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். ஒரே மாடி வீட்டை வாடகைக்குப் பிடிப்பார்கள். கீழே ஹால் கதாநாயகி வீடு, மேலே அறை வில்லன் ஆபீஸ், பின்கட்டுக்குப் பச்சைத்துணி கட்டினால் மருத்துவமனை. ஏசியை ஓடவிட்டால் சத்தம் மைக்கில் விழும், அதனால் அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்க அழ வேண்டும். நல்ல டேக் ஒன்று அமையும் நேரம் பார்த்துத் தெருவில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவார், மறுபடி முதலிலிருந்து. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் நடிக்க வருபவர்களும் இதில் உண்டு. சென்னையில் வருஷம் முழுக்க நாள் தவறாமல் எடுத்துப் பழகிய கூட்டத்தோடு இவர்களை ஒப்பிட்டால் தூக்கம் வரத்தான் செய்யும். கை பழக வேலை வேண்டும்.

கேள்வி: சட்டம் போட்டு உள்ளூர் நிகழ்ச்சியைக் கட்டாயமாக்கினால் என்ன? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

போடலாம், மற்ற நாடுகள் போட்டிருக்கின்றன. பிரிட்டனில் 1955இல் வணிக டிவி வந்தபோது வெளிநாட்டு நிகழ்ச்சிக்கு ஏறக்குறைய 14 விழுக்காடு என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். கனடாவில் தனியார் நிலையங்கள் மாலை 6 மணியிலிருந்து நள்ளிரவு வரை பாதி நேரமாவது கனடா நிகழ்ச்சி போட வேண்டும் என்று விதி வந்தது. நிலையக்காரர்கள் லேசுப்பட்டவர்களா? ஆறு மணிக்குச் செய்தி, பதினொரு மணிக்கு மறுபடி செய்தி, எல்லாம் கனடா கணக்கில் சேர்ந்துவிட்டது, நடுவில் ஜனம் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் அமெரிக்க நாடகம். அதனால் வெறும் மணிக்கணக்கை வைத்துச் சட்டம் போட்டால் நமக்கும் சமையல் நிகழ்ச்சியும் ஸ்டூடியோ அரட்டையும்தான் மிஞ்சும். இரவு 8 முதல் 10 வரை கதை சொல்லும் நிகழ்ச்சி இத்தனை என்று கேட்க வேண்டும்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு, யாரும் பேசுவதில்லை. டிவி விளம்பரம் இங்கேயே எடுத்ததாக இருக்க வேண்டும் என்று நெடுங்காலம் ஒரு விதி இருந்தது, பொருள் வெளிநாட்டுப் பொருளானாலும் சரி. அப்போதும் முணுமுணுத்தார்கள். ஆனால் கோலாலம்பூரில் கேமராக்காரர், லைட் போடுபவர், எடிட்டர் என்று ஒரு கூட்டமே அதில்தான் பிழைத்தது, தொழிலும் கற்றது. விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் பெருநாள் விளம்பரங்களால் பேர் வாங்கி, சினிமாவுக்கும் போய், 2009இல் மறைந்த யாஸ்மின் அகமது அந்த உலகத்திலிருந்து வந்தவர்தான். விளம்பரத்துக்குச் செய்ததை நாடகத்துக்கும் செய்யலாம் என்பதுதான் என் கட்சி.

கேள்வி: அகடமி ஃபேண்டாசியா, மலேசியன் ஐடல் என்ற பாட்டுப் போட்டிகள் எல்லாம் உள்ளூர் நிகழ்ச்சிதானே? (வாசகி, ஜெலுத்தோங்)

பாடியவர்கள் உள்ளூர். 2003இல் வந்த முன்னதன் அச்சு, அதாவது நிகழ்ச்சியின் வடிவமைப்பு, மெக்சிகோவுடையது, 2004இல் வந்த பின்னதன் அச்சு பிரிட்டனுடையது. அச்சுக்குக் காசு வெளியே போகும், வேலை இங்கே கிடைக்கும். பாதி உள்ளூர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்போது யார் ஐயா டிவி பார்க்கிறார்கள்? எல்லாம் நெட்ஃபிளிக்ஸ்தான். (வாசகர், கெப்போங்)

பெட்டி மாறினாலும் கணக்கு மாறவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதற்கும் விதி செய்துவிட்டது, அப்படிப்பட்ட தளங்களின் பட்டியலில் 30 விழுக்காடாவது ஐரோப்பியப் படைப்பாக இருக்க வேண்டும் என்று.

கேள்வி: என் மகள் நாடகக் கதை எழுதி வைத்திருக்கிறாள். நிலையத்துக்கு நேரே அனுப்பலாமா? (வாசகி, பிறை)

தனி ஆளாக அனுப்பினால் நகர்வது கஷ்டம். நிலையங்கள் பெரும்பாலும் பதிவுபெற்ற தயாரிப்பு நிறுவனங்களிடமிருந்துதான் வாங்கும், அந்த நிறுவனங்களுக்கு ஃபினாஸ் என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் உரிமம் வேண்டும். அதனால் முதலில் உரிமமுள்ள ஒரு தமிழ்த் தயாரிப்பாளரைப் பிடிக்கச் சொல்லுங்கள். முழுக் கதையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், ஒரு பக்கச் சுருக்கமும் முதல் எபிசோடும் போதும். அந்தச் சுருக்கத்தை மலாயிலும் ஒன்று எழுதி வைத்துக்கொள்ளட்டும், பணத்துக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரிக்குத் தமிழ் படிக்கத் தெரிய வேண்டும் என்றில்லையே. கொடுக்கும் முன் தேதி போட்டுத் தன் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.