அம்மாவின் சிறுநீரில் வளர்ந்த கிருமியை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. சிறுநீர்த் தொற்றுக்காக கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி ஒருவர், அதில் வளரும் கிருமியை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள அம்மாவிடம் கையெழுத்து கேட்கிறார். போடலாமா? ரிப்போர்ட் தாமதமாகுமா?
- வாசகர், பென்னாகரம்

பதில்: போடலாம். ஆனால் தாளைப் படித்த பிறகு.

ரிப்போர்ட் தாமதமாகாது. சிறுநீரில் ஒரு துளியை அகார் தட்டில் (கிருமி வளர உணவு கலந்த கூழ் உறைந்த தட்டு) இழுத்து, 37 டிகிரி சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். மறுநாள் கிருமிகள் புள்ளிபுள்ளியாகத் தெரியும், பெரும்பாலும் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாதான். எந்த மருந்துக்கு அது கேட்கும் என்று பார்க்க இன்னொரு நாள். வேலை முடிந்ததும் தட்டை ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலனில் அவித்துக் கழித்துவிடுவார்கள். மாணவி கேட்பது அப்படி வீணாகப் போகிற தட்டிலிருந்து ஒரு தீற்றல். கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைத்தால் அது பல வருடம் உயிரோடு இருக்கும்.

அதை வைத்து என்ன செய்வார்கள்? செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளை உடைக்கும் நொதியை அந்தக் கிருமி சுரக்கிறதா, எந்த மரபணு அதைச் செய்கிறது என்று பார்ப்பார்கள். இது ஏட்டு விஷயம் இல்லை. கல்ச்சர் முடிவு வருமுன்பே டாக்டர் ஒரு மாத்திரை எழுதியாக வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமிகள் கேட்கும் என்று சென்னையிலோ வேலூரிலோ எடுத்த கணக்கு பென்னாகரத்துக்கும் பொருந்தும் என்று எப்படிச் சொல்வது? நம் பக்கத்துக் கிருமிகளைப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் 'போடலாம்' என்கிறேன்.

சரி, கையெழுத்து விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, விவரத்தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். மறுத்தாலும் சிகிச்சையில் குறை வைக்கக்கூடாது. பிற்பாடு விலகிக்கொள்ளவும் செய்யலாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வில் சம்பந்தமில்லாத, படித்த ஒருவர் சாட்சியாக இருக்க, வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். நானும் மாணவனாக வார்டு வார்டாகப் போய்க் கையெழுத்து கேட்டவன். "டாக்டர் சொன்னா சரிங்க" என்று பலர் தாளைப் பார்க்காமலே கட்டைவிரலை நீட்டுவார்கள். அது சம்மதம் ஆகாது.

ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா, பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போடுவார்களா என்று கேளுங்கள். தனியாக ரத்தம் எடுப்பதாகவோ அம்மாவின் மரபணுவைப் பார்ப்பதாகவோ தாளில் இருந்தால், அது வேறு விஷயம். முழு விளக்கம் கிடைக்கும்வரை போடாதீர்கள். தாளின் நகல் ஒன்றை வாங்கி வையுங்கள்.

இடையில் மாத்திரையை நிறுத்த வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் டாக்டரிடம் காட்டுங்கள். இப்போதைய மருந்துக்குக் கிருமி கேட்காது என்று வந்திருந்தால் அவர் பார்த்து மாற்றித் தருவார்.