பழைய கேம்பர் வேனைத் தாழ்த்தி அலாய் வீல் போடலாமா?

போடலாம், அளவோடு. தாழ்த்துவது என்றால் தரையிலிருந்து பாடி நிற்கும் உயரத்தைக் குறைப்பது. ஃபோக்ஸ்வாகன் டைப் 2 மாதிரி வேனில் கட்டிலும் அலமாரியும் ஏறியதும் பாரம் மேலே கூடிவிடும். தண்ணீர்க்குடத்தைத் தலையில் வைத்துத் திரும்புவதற்கும் இடுப்பில் வைத்துத் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். தாழ்ந்த வண்டி வளைவில் குறைவாகச் சாயும். ஆரல்வாய்மொழியில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது இது நன்றாகவே தெரியும்.

ஆனால் நம்ம குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் வேகத்தடை. பேச்சிப்பாறைப் பக்கம் மலைச்சாலை வேறு. இந்த வேனுக்கு இன்ஜின் பின்னால், அதன் சைலன்சர் கீழே. அதிகம் தாழ்த்தினால் முதல் அடி அதற்குத்தான். 2 அங்குலத்தோடு நிறுத்துங்கள் என்பதே என் கருத்து. குட்டையான ஷாக் அப்சார்பர் போட்டு, வீல் அலைன்மென்டும் பார்க்க வேண்டும்.

அலாய் வாங்கும்போது போல்ட் வட்டம், அதாவது வீல் போல்ட்டுகள் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம், முக்கியம்: 1971 மாடலிலிருந்து 112 மி.மீ., அதற்கு முன் 205. வீலின் பின்புறம் பொறித்திருக்கும் பாரத் தாங்குதிறனையும் பாருங்கள். கார் வீல் பொருந்தினாலும் வேனின் எடைக்குப் போதாமல் போகலாம். முட்டம், குளச்சல் உப்புக்காற்றில், கோட்டிங் கீறிய இடத்தில் வெள்ளையாகப் பொடி பூக்கும். நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுங்கள். மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சுருள் ஸ்பிரிங்கை வெட்டினால் வண்டி தாழும் என்று பலர் நம்புகிறார்கள். டைப் 2-இன் முதல் இரு தலைமுறைகளில் வெட்டுவதற்குச் சுருளே கிடையாது, முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலையைச் செய்யும் முறுக்குக் கம்பிகள்தான் வண்டியைத் தாங்குகின்றன.