வலை காயும் மணல்

மதிப்பிற்குரிய அம்மா,

கட்டடக்கலை இறுதியாண்டு படிக்கிறேன். பூம்புகார் சுற்றுலா வளாகத்தை மறுபடி வடிவமைப்பதை ப்ராஜெக்டாக எடுத்திருக்கிறேன். சங்கு, சிப்பி வடிவப் பழைய குடில்களை வைத்துக்கொள்வதா, இடித்துவிட்டுப் புதிதாக யோசிப்பதா? சிலப்பதிகாரத்திலிருந்து ஏதாவது எடுக்க முடியுமா? எந்த உரை படிக்கலாம்? வரைபடத்தை இணைத்திருக்கிறேன். சின்ன வயதில் அம்மாவோடு அடிக்கடி போன இடம் அது.

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

அம்மாவோடு போன இடத்தையே படிப்புக்கும் எடுத்திருக்கிறீர்கள். அதற்காகவே உங்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடலாம். ஆனால் வரைபடத்தைப் பார்த்ததும் தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றியது.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 1973-ல் கலைஞர் ஆட்சியில் எழுந்த ஏழுநிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடமும் அதன் சிற்பங்களும் இருக்கட்டும். குடில்களை ஒரு பொறியாளர் தட்டிப் பார்த்துச் சொல்லட்டும்; உப்புக்காற்றில் கம்பி துருவேறியிருந்தால் எடுக்கத்தான் வேண்டும். உரைக்கு உ.வே.சா. பதிப்பு இருக்கிறது, அதிலுள்ள பழைய உரைகாரர் அடியார்க்குநல்லாரே போதும்.

இப்போது உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். வளாகத்துக்கும் மீனவர் வீடுகளுக்கும் நடுவிலிருக்கும் மணலுக்கு மஞ்சள் தீட்டி, 'பயன்பாட்டில் இல்லாத நிலம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதன்மேல்தான் கண்ணாடி உணவகம், கம்பிவேலி, டிக்கெட் வாசல் எல்லாம் வருகின்றன. பயன்பாட்டில் இல்லை என்று யார் சொன்னது? யாரைக் கேட்டீர்கள்? விடியற்காலையில் போய்ப் பாருங்கள், படகு கரையேறி அங்கேதான் மீன் பிரிப்பார்கள். வெயில் ஏறினால் பெண்கள் நெத்திலி பரப்புவார்கள். பிற்பகலில் பெரியவர்கள் கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, அறுந்த கண்ணியைப் பின்னிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் போனது இவை எதுவும் நடக்காத ஏதோ ஒரு நேரமாக இருக்க வேண்டும். ஆள் இல்லாத மணலைப் பார்த்ததும் காலி மனை என்று நினைத்துவிட்டீர்கள்.

அந்த மக்களுக்கு இது புதிதல்ல. 2004 சுனாமியில் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பூம்புகாரும் அந்த மாவட்டம்தான். அடுத்த மார்ச்சில் அரசாணை வந்தது: கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் பின்னால் போனால் புது வீடு, பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். 'நாங்கள் போனதும் எங்கள் இடத்தில் ஓட்டல் வந்துவிடும்' என்று கரையெங்கும் பயந்தார்கள். அந்தப் பயம் சரிதான் என்று உங்கள் வரைபடம் காட்டுகிறது. கடலோரத்தில் எங்கே கட்டலாம் என்று சொல்லும் 2019 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி அனுமதி உண்டே என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். 1991-ல் 200 மீட்டராக இருந்த கட்டடத் தடை, நெரிசலான கிராமங்களுக்கு அந்த அறிவிக்கையில் 50 மீட்டராகச் சுருங்கிவிட்டது, உண்மைதான். சட்டம் விட்டுக்கொடுத்தால் அலையும் விட்டுக்கொடுக்குமா? நாளைக்குக் கண்ணாடிச் சுவரைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டச் சொல்வீர்கள். கல்லைக் கொட்டினால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரித்துக்கொண்டு போகும். 1980-களின் இறுதியில் துறைமுகத் தடுப்புச்சுவர் வந்தபிறகு புதுச்சேரி நகரத்துக் கடற்கரை மணலெல்லாம் போனது இப்படித்தான்.

சிலப்பதிகாரத்திலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்டீர்களே, கடலாடு காதையைப் படியுங்கள். இந்திரவிழா முடிந்து ஊரே கடற்கரைக்கு வருகிறது. இரவு மணலில் சாந்து விற்பவர், பூ விற்பவர், அப்பம் சுடுபவர், கள் விற்கும் பெண்கள் என்று ஆளுக்கொரு விளக்கு. மீன் விற்பவர் விளக்கும், பரதவரின் படகு விளக்கும் அந்த வரிசையிலேயே எரிகின்றன. விழா என்பதற்காக அவர்களை யாரும் அப்புறப்படுத்தவில்லை. மாதவியும் கோவலனும் தங்கியது எங்கே? புன்னை நிழலில், புது மணலில். சுற்றிலும் ஓவியத் திரை, மேலே விதானம், நடுவே ஒரு கட்டில். எழுந்து போகும்போது எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

எங்கள் பெரியம்மா ஆடி அமாவாசைக்குக் காவிரி கடலில் சேரும் இடத்தில் குளித்துவிட்டு வருவார். உடை மாற்ற இடம் கிடையாது. அக்காவும் நானும் ஒரு சேலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்போம். காற்று பிடுங்கும். பெரியம்மா நடுங்கிக்கொண்டே, 'இறுக்கிப் பிடிங்கடி' என்பார். சுற்றிலும் எத்தனையோ குடும்பங்கள் அப்படியே நின்றன. பூம்புகாருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான்: வேனிலும் பஸ்ஸிலும் வந்து, கட்டிவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டு, அன்றைக்கே ஊர் திரும்புகிறவர்கள். உங்கள் வரைபடத்தில் அறைகளுக்குள் குளியல் தொட்டி இருக்கிறது. இவர்களுக்கு ஒரு கழிப்பறையைத் தேடினேன், கிடைக்கவில்லை. கோபம் வந்தது அங்கேதான் தம்பி. உங்கள் அம்மாவும் அந்தச் சேலைக்குள் நின்றிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

உடை மாற்றும் அறை, கழிப்பறை, குடிதண்ணீர், உட்கார நிழல் எல்லாம் சாலை ஓரமாக வரட்டும். தங்கும் அறைகளை அதற்கும் பின்னால் தள்ளுங்கள். மணலில் போடுவது எதுவானாலும் மறுநாள் கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். வேலி வேண்டாம். புன்னை நடுங்கள், உப்புக்காற்றைத் தாங்கும்.

அப்புறம், அந்த மஞ்சளை அழித்துவிட்டு அங்கே என்ன எழுத வேண்டும் என்று வலை பின்னுகிற பெரியவர்களிடமே கேளுங்கள். கேட்டு எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்