எச்டிஎம்எல் படித்தால் வேலை கிடைக்குமா? – பிளஸ் ஒன் மாணவியின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள் பாடத்தை எடுத்துப் படிக்கும் உங்கள் மகளுக்கு, இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் குறியீட்டு மொழியான எச்டிஎம்எல் மிகவும் பிடித்திருக்கிறது என்றும், விடுமுறையில் அவரை ஒரு பயிற்சி மையத்தின் ‘வெப் டிசைனிங்’ வகுப்பில் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எச்டிஎம்எல் மட்டும் தெரிந்தவருக்கென்று தனியாக ஒரு வேலை இன்று இல்லை. ஆனால், அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் உரையைக் கையாளும் பல வேலைகளில் எளிதாக நுழைய முடிகிறது. ஆகவே, அவர் அதை எப்படிக் கற்கிறார் என்பதே முக்கியம்.

பெரும்பாலான மாணவர்கள் எச்டிஎம்எல்லை எழுத்துக்கு அலங்காரம் செய்யும் கருவியாகவே கற்கிறார்கள். அது அதற்காக உருவானதன்று. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் வெளியிட்ட, உரையின் ஒவ்வொரு பகுதியும் என்ன என்று குறிக்கும் ‘டேக்’குகளின் முதல் பட்டியலில் தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு போன்றவை இருந்தன. நிறமோ எழுத்துருவோ இல்லை. நிறத்தையும் எழுத்தளவையும் மாற்றும் ‘ஃபான்ட்’ டேக் பின்னால் வந்தது. 1996இல் தோற்றத்துக்கென்றே சிஎஸ்எஸ் என்னும் தனி மொழி வந்த பிறகு, 1997இன் எச்டிஎம்எல் 4 பதிப்பு ‘ஃபான்ட்’ டேக்கைத் தவிர்க்கச் சொன்னது, 2014இன் எச்டிஎம்எல் 5 அடியோடு விலக்கியது. இருந்தும் ‘ஃபான்ட்’, எழுத்தை நடுவில் நிறுத்தும் ‘சென்டர்’, ஓடும் எழுத்துக்கான ‘மார்க்கீ’ ஆகியவற்றை இன்றும் பெருமையாகக் கற்பிக்கும் மையங்கள் உண்டு.

ஒரு வரியைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது கண்ணுக்குத் தலைப்பைப் போலத் தெரியும். ஆனால், திரையில் உள்ளதை ஒலியாகப் படித்துக்காட்டும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகர், ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும்போது அந்த வரி அகப்படாது. ‘எச்1’ முதல் ‘எச்6’ வரையிலான டேக்குகளில் ஒன்றை இட்டிருந்தால்தான் அகப்படும். ‘பி’ (b), ‘ஸ்ட்ராங்’ ஆகிய டேக்குகள் இரண்டுமே எழுத்தைத் தடிமனாகக் காட்டினாலும், பின்னதுதான் ‘இது முக்கியம்’ என்று சொல்கிறது. அழுத்தம் தரும் ‘எம்’ டேக்கை உலாவி சாய்வெழுத்தாகக் காட்டும்; சாய்வெழுத்து மரபு இல்லாத நம் எழுத்துகளோ பெரும்பாலும் செயற்கையாகச் சாய்க்கப்பட்டு, பார்க்கவே சங்கடமாக இருக்கும். அதற்காக டேக்கை நீக்க வேண்டியதில்லை. டேக்கை அப்படியே வைத்துக்கொண்டு, தமிழ்ப் பக்கத்தில் அது தடிமனாகவோ வேறு நிறத்திலோ தெரியும்படி சிஎஸ்எஸ்ஸில் மாற்றிவிடலாம். பொருளும் தோற்றமும் வேறு வேறு என்பது இந்த ஓர் எடுத்துக்காட்டிலேயே உங்கள் மகளுக்கு விளங்கிவிடும்.

இதைக் கற்கக் கட்டணம் தேவையில்லை. நோட்பேடும் ஓர் உலாவியும் போதும். மொசில்லாவின் எம்டிஎன் பாடங்களும், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின், பிழைகளைச் சுட்டிக்காட்டும் சரிபார்ப்பானும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவருடைய கணக்குப்பதிவியல் நூலிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு, நிறம் எதுவும் சேர்க்காமல், தலைப்பு, உட்தலைப்பு, பத்தி, பட்டியல் என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். இருப்புநிலைக் குறிப்பு வந்தால், அதை அட்டவணையாகத் தலைப்பு நெடுவரிசையுடன் அமைக்கட்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறையான குறியாக்கம் யுடிஎஃப்-8 என்பதையும் அவர் முதலிலேயே குறிப்பிட வேண்டும். இந்த வேலை அவருக்குச் சலிப்பூட்டினால் வருந்த வேண்டாம். அவருக்குப் பிடித்தது நிறங்கள்தான் என்றால், வரைகலை வடிவமைப்பை யோசிக்கலாம்.

சலிக்காமல் செய்கிறார் என்றால் வாய்ப்புகள் இருக்கின்றன. சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்காக நூல்களையும் ஆய்விதழ்களையும் மின்வடிவில் தயாரித்துத் தரும் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. அங்கே கையாளப்படும் இபப் என்னும் மின்னூல் கோப்பின் உள்ளே இருப்பது எச்டிஎம்எல்லின் கண்டிப்பான வடிவமான எக்ஸ்எச்டிஎம்எல்தான். தொடங்கிவிட்டு மூடாமல் விட்ட டேக்கை உலாவி பொறுத்துக்கொள்ளும், இபப் பொறுத்துக்கொள்ளாது. வணிகவியல் பட்டதாரியும் இத்தகைய வேலையில் சேரலாம், ஆனால் ஆங்கிலத்தில் கவனமாகப் படிக்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும். இதன் பெரும்பகுதியை இப்போது மென்பொருளே செய்துவிடுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மென்பொருள் தவறாகக் குறித்ததைக் கண்டுபிடித்துத் திருத்துபவரே அங்கே நிலைக்கிறார். செய்தித் தளங்களிலும் கல்லூரித் தளங்களிலும் உள்ளடக்கத்தைப் பதிவேற்றும் பணிகளுக்கும் இதே பயிற்சி உதவும்.

இணையதளங்களை உருவாக்கும் டெவலப்பராக வேண்டும் என்று அவர் விரும்பினால் கதை வேறு. எச்டிஎம்எல்லுக்கும் சிஎஸ்எஸ்ஸுக்கும் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கற்றாக வேண்டும். அது நிரலாக்கம், அதற்கு வேறு வகைப் பொறுமை வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு பிசிஏ அல்லது கணினிப் பயன்பாட்டுடன் கூடிய பி.காம். படிக்கலாம். பிசிஏ சேர்க்கைக்கான தகுதி கல்லூரிக்குக் கல்லூரி மாறுவதால், கணிதம் கேட்கிறார்களா என்று விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி மையத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று நினைத்தால், பணம் கட்டுவதற்கு முன் அவர்களுடைய பாடக்குறிப்பை வாங்கிப் பாருங்கள். முதல் சில பக்கங்களிலேயே ‘ஃபான்ட்’ டேக் இருந்தால், குறிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.