பிரிட்டன்ல அவமதிப்பா பேசினா குற்றமா? 'செக்‌ஷன் 5' திருத்தம்னா என்ன?

சிம்பிளா சொன்னா, பேச்சு அவமதிப்பா இருந்துச்சுங்கிறதுக்காக மட்டும் அந்தப் பிரிவுல கேஸ் போடக்கூடாதுன்னு இங்கிலாந்து, வேல்ஸ்ல வந்த மாற்றம். 1986 பப்ளிக் ஆர்டர் சட்டத்தோட 5ஆம் பிரிவுல மிரட்டல், வசையோட 'அவமதிக்கிற' பேச்சும் குற்றமா இருந்துச்சு, 2005ல ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு ஸ்டூடண்ட் போலீஸ் குதிரையைப் பார்த்து 'இது கே' (ஓரினச்சேர்க்கை குதிரை)ன்னு சொன்னதுக்கு ராத்திரி பூரா உள்ள வெச்சுட்டாங்க, கடைசில கேஸ் நிக்கல.

அவமதிப்புங்கிறது காரம் மாதிரிங்க, ஒருத்தருக்கு கண்ணுல தண்ணி வரும், இன்னொருத்தருக்கு சப்புன்னு இருக்கும். யாருக்காவது உறைச்சா ஃபைன்னு சொன்னா சமையல்காரர் எல்லாருக்கும் பத்தியச் சாப்பாடுதான் போடுவார், மதம் அரசியல் பத்தின விவாதமும் அப்படித்தான் ஆகிடும். 2012ல மிஸ்டர் பீனா நடிச்ச ரோவன் அட்கின்சன் 'அவமதிக்கிற'ங்கிற வார்த்தையை 5ஆம் பிரிவுலேருந்து எடுக்கணும்னு குரல் கொடுத்தார், கிறிஸ்தவ அமைப்பும் மதச்சார்பற்றவங்க அமைப்பும் ஒரே பக்கம் நின்னாங்க, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சதே அதுதான். 2013ல பார்லிமென்ட் ஒத்துக்கிச்சு, 2014 பிப்ரவரி 1லேருந்து அந்த வார்த்தை அங்க இல்ல.

இனிமே என்ன வேணா பேசலாம்னு பலர் நினைக்கிறாங்க, அது தப்பு: மிரட்டலும் வசையும் இன்னும் குற்றம்தான், வேணும்னே ஒருத்தரை நோகடிக்க அவமதிச்சா அதே சட்டத்துல 4ஏ பிரிவு இருக்கு, லண்டன்ல யார் வேணா மேடை போட்டுப் பேசுற ஹைட் பார்க் ஸ்பீக்கர்ஸ் கார்னர்ல நின்னு பேசினாலும் இதே சட்டம்தான்.